எந்த மெசினில் பில் போடுறியள்?

யாழ்ப்பாணம் ஸ்டான்லி வீதியில் எங்களுக்கு ஒரு ஹாட்வெயார் கடை இருக்கிறது. ஐயா தொடங்கியது, இப்போது நான் பார்க்கிறேன். நெல்லியடியில் ஒரு கிளை, அது அத்தானின் பொறுப்பு. டவுன் கடையில் மூன்று பில் கவுண்டர், நெல்லியடியில் ஒன்று. நான்கும் டவுன் கடையின் பின் அறையில் இருக்கிற ஒரே சேர்வரில்தான் ஓடுகின்றன. சேர்வர் என்று பெரிதாகச் சொன்னாலும், அது பி.வி.சி. பைப் கட்டுகளுக்கும் சீமெந்து அடுக்குக்கும் நடுவில், மேசைக்குக் கீழே கிடக்கிற ஒரு கறுப்புப் பெட்டி. 2025 பெப்ரவரியில் அது படுத்தபோது, "பக்கப் இருக்குத்தானே" என்று நான் தைரியமாக இருந்தேன். பக்கப், அதாவது கணக்கின் பிரதியும் ஒரு மாற்று மெசினும், இருந்தது. அதற்கு மாறுவது எப்படி, மாறிய பிறகு திரும்புவது எப்படி என்று ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அந்த இரண்டு வாரத்தில் நான் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின் நிலையத்தில் குரங்கொன்று பாய்ந்து முழு இலங்கைக்கும் கரண்ட் போன அதே நாள். எல்லோரும் பகிடி விட்டுக்கொண்டிருந்தார்கள், நானும் இரண்டு மீம்ஸ் அனுப்பினேன். கடை பூட்டு. சேர்வர் மட்டும் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும், கரண்ட் போனாலும் பற்றரியில் கொஞ்ச நேரம் தாங்குகிற யூ.பி.எஸ். இருக்கிறதே என்ற நம்பிக்கை. அந்த யூ.பி.எஸ். பற்றரி, நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டிய 2022 ஆம் ஆண்டிலேயே அடிவாங்கியது. எங்கள் வெக்கைக்கு அந்த ஈயப் பற்றரி மூன்று வருடம் தாக்குப்பிடித்தால் பெரிய காரியம். மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளி வந்தேன். பிறகு பதிவைப் பார்த்தால், கரண்ட் போய் நான்கு நிமிடத்தில் சேர்வர் பட்டென்று நின்றிருக்கிறது.

திங்கள் காலை கடை திறந்தபோது ஒன்றும் தெரியவில்லை. 10.40 போல மூன்று கவுண்டரும் ஒன்றாக இறுகின. திங்கட்கிழமை என்றால் மேசன்மாரும் கொந்தராத்துக்காரரும் கிழமைக்குத் தேவையான சாமானை ஏற்றுகிற நாள். அடுத்த நாள் தைப்பூசம், அத்திவாரம் போடுகிற ஆட்களும் வந்து நிற்கிறார்கள். வாசலில் லொறியில் ஐம்பது பை சீமெந்து ஏறிவிட்டது, பில் வரவில்லை. பின் அறைக்கு ஓடினேன். பெட்டிக்குள்ளிருந்து "டிக்... டிக்... டிக்" என்று, நகத்தால் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம். வயிற்றுக்குள் ஏதோ கரைந்தது.

என் முதல் பிழை இங்கே. நிறுத்தினேன், போட்டேன். திரும்பவும் நிறுத்தினேன், போட்டேன். ஒருமுறை விண்டோஸ் பாதி வரைக்கும் வந்து ஆசை காட்டியது. "இன்னும் ஒருக்கா" என்று இரண்டே கால் மணித்தியாலம் போனது. அப்படிச் சத்தம் போடுகிற ஹாட் டிஸ்க்கை ஒவ்வொரு முறை சுழல விடும்போதும் உள்ளே மிச்சமிருப்பதும் கெட்டுப் போகலாம் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அந்த நேரம் முழுக்கக் கவுண்டரில் பெடியள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள், ஏனென்றால் "இப்ப வந்திடும்" என்று சொன்னது நான். இப்போது எங்கள் கடையில் அரை மணித்தியாலம்தான் கணக்கு. அதற்குள் சேர்வர் எழும்பாவிட்டால் மற்ற மெசினுக்கு மாறுகிறோம். அதை முடிவெடுக்க என்னைக் கேட்கத் தேவையில்லை, காசாளர் அண்ணையே சொல்லலாம். ஆசைப்பட்டுக்கொண்டு நிற்கிறவன் கையில் அந்த முடிவை விடக்கூடாது.

இரண்டு ஹாட் டிஸ்க் இருக்கிறதே, ஒன்று போனால் மற்றது ஓடும் என்றுதானே பூட்டித் தந்தார்கள் என்று பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் அப்படியே எழுதுகிற கண்ணாடி முறை அது. அதில் இரண்டாவது டிஸ்க் நவம்பரிலேயே கழன்று போயிருக்கிறது. முன்பக்கத்தில் மஞ்சள் லைட் ஒன்று மூன்று மாதமாக மினுங்கியிருக்க வேண்டும். அதன்மேல் சீமெந்துத் தூசி அரை மில்லிமீற்றர் படிந்திருந்தது. விரலால் துடைத்தபோதுதான் அங்கே ஒரு லைட் இருப்பதே தெரிந்தது. அதோடு, அந்தக் கண்ணாடி முறை டிஸ்க் பழுதாவதற்கு மட்டுமே மருந்து. நீங்கள் பிழையாக எதையாவது அழித்தால் இரண்டிலும் ஒன்றாகவே அழியும். அதைப் பக்கப் என்று நினைத்திருந்தேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

சரி, உண்மையான பக்கப்புக்கு வருவோம். ஒவ்வொரு இரவும் பத்து மணிக்கு யூ.எஸ்.பி. ஹாட் டிஸ்க்கில் ஒரு பிரதி போகும்படி செய்து வைத்திருந்தோம். எங்கள் பில் மென்பொருள், தரவைச் சேமிக்கிற எஸ்.க்யூ.எல். சேர்வர் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பில் ஓடுகிறது. அந்தப் பதிப்பில் நேரம் குறித்துத் தானாகப் பக்கப் எடுக்கிற வசதி உள்ளுக்குள் கிடையாது, விண்டோஸ் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதித்தான் ஓட்ட வேண்டும். அந்த ஸ்கிரிப்ட் "ஈ" டிரைவில் எழுதச் சொல்கிறது. ஜனவரி 18 போல நான் ஏதோ பென் டிரைவ் குத்தியிருக்கிறேன், யூ.எஸ்.பி. டிஸ்க்கின் எழுத்து "எஃப்" ஆகிவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு இரவும் ஸ்கிரிப்ட் ஓடி, "ஈ" இல்லை என்று ஒருவருக்கும் சொல்லாமல் செத்திருக்கிறது. நான் தினமும் பார்த்தது அந்த டிஸ்க்கின் நீல லைட்டை மட்டும். கடைசியாக எப்போது எழுதியது, கோப்பு எவ்வளவு பெரிது என்று யாராவது ஒருநாள் எட்டிப் பார்த்திருந்தால் போதும். இப்போது அந்தக் கோப்பின் திகதியும் அளவும் காலையில் எனக்கும் அத்தானுக்கும் மின்னஞ்சலில் வருகிறது. அது வராத நாளில்தான் கவனம் வேண்டும் என்பதை அத்தானுக்கு விளங்கப்படுத்த மூன்று நாள் பிடித்தது.

எங்களுக்குக் கிடைத்த ஒரே அதிர்ஷ்டம், ஜனவரி 31 பின்னேரம் ஒரு அறிக்கையைத் திருத்துவதற்காக மென்பொருள்காரப் பெடியன் ஒரு பிரதியை என் மடிக்கணினியில் எடுத்து வைத்துவிட்டு அழிக்க மறந்தது. அவனுடைய மறதியால் இழப்பு 24 நாளிலிருந்து 10 நாளாகக் குறைந்தது. இரவு வீட்டில் ஐயாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தொண்ணூற்றைஞ்சில இடம்பெயந்து வெளிக்கிடேக்க காணி உறுதியும் கடன் கொப்பியும் ஒரு பைக்குள்ள போட்டு கொடிகாமம் மட்டும் நெஞ்சோட அணைச்சுக்கொண்டு நடந்தனான். உறுதியின்ர பிரதி கொழும்பில கொம்மான்ர வீட்டில கிடந்தது. நீ எதைத் தூக்கிக்கொண்டு ஓடப்போறாய்?" என்றார். பதில் சொல்லவில்லை. சோற்றையும் முழுதாகச் சாப்பிடவில்லை.

மாற்று மெசின் என்று ஒரு பழைய கொம்பியூட்டரை மேல் மாடியில் வைத்திருந்தேன். திங்கள் மத்தியானம் அதைத் தூசி தட்டி இறக்கினேன். பக்கப் கோப்பைப் போட்டால் ஏற்க மறுத்தது. சேர்வரில் இருந்தது எஸ்.க்யூ.எல். 2019 பதிப்பு, இந்தப் பழையதில் 2014. புதிய பதிப்பில் எடுத்த பிரதி பழைய பதிப்பில் இறங்காது, மறுவளமாகத்தான் இறங்கும். சேர்வரைப் புதுப்பித்த அன்றே இதையும் புதுப்பித்திருக்க வேண்டும். போன் இன்ரநெற்றில் 2019 ஐ இறக்கி, போட்டு, பிரதியை ஏற்றத் தொடங்க பின்னேரம் ஐந்து மணி. திங்களும் செவ்வாயும் ஒன்றரை மணித்தியாலம் மின்வெட்டு என்று அறிவித்திருந்தார்கள். எனக்கு அது நினைவிலேயே இல்லை. பாதியில் கரண்ட் போனது. யூ.பி.எஸ்.தான் செத்துக் கிடக்கிறதே. இருட்டில், சீமெந்து மணத்துக்குள், போன் வெளிச்சத்தில் அந்தக் கறுத்த திரையைப் பார்த்தபடி ஒன்றரை மணித்தியாலம் இருந்தேன். கரண்ட் வந்து முதலிலிருந்து தொடங்கினோம்.

ஏறி முடிந்த பிறகும் கவுண்டர்கள் இணையவில்லை. இந்தப் பகுதி யாருக்காவது உதவும் என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். இலவசப் பதிப்பில் வலையமைப்பு வழியாக வருகிற இணைப்பு ஆரம்பத்தில் மூடியே இருக்கும், அதைத் திறக்க வேண்டும். விண்டோஸின் காவல்காரனான ஃபயர்வாலும் விடாது, எஸ்.க்யூ.எல். பேசுகிற போர்ட் என்ற வாசலை (எங்களுக்கு 1433) அதில் திறந்துவிட வேண்டும். அதன் பிறகும் "லொகின் பிழை" என்று வரும். தரவுத்தளத்தின் பிரதியோடு சேர்வரில் இருந்த லொகின்கள் வருவதில்லை. அவற்றைப் புதிதாக உருவாக்கி, தரவுத்தளத்துக்குள் இருக்கிற பயனாளர் பெயர்களோடு முடிச்சுப்போட வேண்டும். கடைசியாக, கவுண்டர்கள் தேடுகிற முகவரி. ஒவ்வொரு கவுண்டரிலும் பழைய சேர்வரின் ஐ.பி. முகவரி, அதாவது நெற்வேர்க்கில் அதன் இலக்கம், எழுதியிருந்தது. மாற்று மெசினுக்குப் புது முகவரி கொடுத்து, மூன்று கவுண்டரிலும் கையால் மாற்றினேன். நெல்லியடிக்கு மட்டும் "அத்தான், நான் சொல்லுமட்டும் கையால எழுதுங்கோ" என்றேன். எல்லாக் கவுண்டரிலும் முகவரிக்குப் பதிலாக ஒரு பெயரை எழுதி வைத்திருந்தால், அந்தப் பெயர் எங்கே போகிறது என்பதை ஓரிடத்தில் மாற்றினால் போதும், நான்கு மெசினோடும் மல்லுக்கட்டத் தேவையில்லை. இந்த வேலைகளெல்லாம் தெரிந்தவனுக்கு இருபது நிமிடம். எனக்கு இரவு பதினொன்றே கால்.

அந்த நாள் முழுக்கக் கடை கையால் ஓடியதைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீமெந்து, கம்பி விலை எல்லோருக்கும் பாடம். அரை அங்குல எல்போ, முக்கால் அங்குல சொக்கெற், பிறாஸ் வால்வு என்று நாலாயிரத்துச் சொச்சச் சாமானின் விலை சேர்வருக்குள் மட்டும். எங்கள் பழைய காசாளர் அண்ணை ஒருவர்தான் ஓரளவு வாயால் சொன்னார், மிச்சத்துக்குப் பக்கத்துக் கடையில் போய்க் கேட்ட கேவலமும் நடந்தது. இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் விலைப்பட்டியல் ஒரு பி.டி.எஃப். ஆக எல்லோருடைய போனுக்கும் போகிறது. செலவில்லாத வேலை. இந்த முழுக்கதையிலும் இதை ஒன்றை மட்டும் செய்தாலும் பாதிப் பதற்றம் குறையும்.

செவ்வாய் காலை மாற்று மெசினில் பில் போடத் தொடங்குகிற நேரம் காசாளர் அண்ணை கேட்டார்: "தம்பி, இப்ப வாற பில் நம்பர் என்ன?" பார்த்தால், ஜனவரி 31 இல் நின்ற எண்ணுக்கு அடுத்தது. அந்த எண்ணும் அதற்குப் பிறகு வந்த பல எண்களும் ஏற்கெனவே ஆட்களின் கைக்குப் போய்விட்டன. அப்படியே தொடங்கியிருந்தால் ஒரே எண்ணில் இரண்டு பில். வற் 18 வீதம் போட்டு வரிப் பற்றுச்சீட்டுக் கொடுக்கிற கடைக்கு அது பெரிய தலையிடி. எண்ணை எட்டத் தள்ளி 60001 இலிருந்து தொடங்கினோம், நடுவில் இருக்கிற இடைவெளியைப் பழைய பில்களுக்கு விட்டோம். அண்ணை பத்தாம் வகுப்போடு கடைக்கு வந்தவர். எனக்கு உதிக்காத கேள்வி அது.

புதன் போயா விடுமுறை, கடை பூட்டு. திருத்துகிற பெடியன் வந்து பழைய சேர்வரை நோண்டினான். செத்த டிஸ்க்கைக் கழற்றிவிட்டு மற்றதின் வயரை இறுக்கிப் பூட்டிப் போட்டால், பெட்டி எழும்பிவிட்டது! நவம்பரில் டிஸ்க் பழுதாகவே இல்லை, வயர்தான் கழன்றிருக்கிறது. "அண்ணை, ஓடுது. நாளைக்கு மட்டும் ஓட விட்டுப் பாப்பம்" என்றான். எனக்குச் சந்தோசத்தில் தலைகால் தெரியவில்லை. அந்த டிஸ்க் நவம்பர் 21 ஓடு கணக்கு உறைந்து போன டிஸ்க் என்பது எனக்கும் உறைக்கவில்லை, அவனுக்கும் உறைக்கவில்லை. நெற்வேர்க் வயரையும் கழற்றவில்லை.

வியாழன் காலை நெல்லியடிக் கவுண்டர் வழக்கம்போல வி.பி.என். என்ற இன்ரநெற் இணைப்பு வழியாகப் பழைய முகவரியைத் தேடியது. அங்கே ஆள் எழும்பி உட்கார்ந்திருக்கிறார். அத்தான் பார்த்தார், வந்துவிட்டது, பில் போடத் தொடங்கினார். நான் டவுனில் மாற்று மெசினில் பில் போடுகிறேன், அவர் அங்கே நவம்பர் மாதத்துக்குள் இருந்து பில் போடுகிறார். மத்தியானம் ஒரு மணிபோல அத்தானிடமிருந்து அழைப்பு. நெல்லியடியில் ஒரு கொந்தராத்துக்காரர் கொதித்துப்போய் நிற்கிறாராம். டிசம்பரில் கட்டிய 86,000 ரூபாயை இன்னும் கடன் என்று காட்டுகிறதாம்.

"அத்தான், எந்த மெசினில பில் போடுறியள்?"

"எங்கட மெசினிலதான் தம்பி. இண்டைக்கு நல்ல வேகமாவும் கிடக்கு."

வேகமாகத்தான் இருக்கும், வேறொருவரும் அதில் இல்லையே. நான் பின் அறைக்கு ஓடி வயரைப் பிடுங்கினேன். அதற்குள் 47 பில். எல்லாம் நவம்பர் விலையில், நவம்பர் 22 இல் ஏற்கெனவே போட்ட அதே எண்களில். சேர்வர் விழுந்த திங்கட்கிழமைகூட எனக்கு இவ்வளவு கை நடுங்கவில்லை. ஒரு கணக்கு இல்லாமல் போனால் இல்லை என்றாவது தெரியும். ஒரே கணக்கு இரண்டு இடத்தில், இரண்டும் சரிபோலத் தெரிந்துகொண்டு வளரும்போது எதை நம்புவது? அந்த 47 பில்லின் அடிக்கட்டையையும் சொப்பிங் பையில் போட்டு 750 பஸ்ஸில் ஒரு பெடியனிடம் அனுப்பினார் அத்தான். ஒவ்வொன்றாக மாற்று மெசினில் புது எண்ணில் போட்டோம். பழையவற்றைக் கணக்காளர் சொன்னபடி ரத்து என்று எழுதி, இரண்டையும் சேர்த்துக் குத்தி வைத்தோம். விலை வித்தியாசத்தில் போனது 23,000 ரூபாய். அந்தக் கொந்தராத்துக்காரரிடம் நானே நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். தேத்தண்ணி தந்தார், ஆனால் ஒரு மாதம் சாமான் எடுக்க வரவில்லை.

ஆகவே, மாற்று மெசினுக்குப் போகிறீர்கள் என்றால் அதைத் தொட முதல் செய்ய வேண்டியது பழையதைக் கட்டிப்போடுவது. நெற்வேர்க் வயரைக் கழற்றுங்கள், கழற்றிய வயரை அந்த அறையிலேயே விடாதீர்கள். திருத்துகிறவர் எவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்தாலும், வயர் இல்லாமல் திருத்தட்டும். கடையில் வேலை செய்கிற கடைசிப் பெடியன் வரைக்கும் இப்போது எந்த மெசின் உண்மை என்று தெரிய வேண்டும். நான் நெல்லியடிக்குச் சொன்னது "நான் சொல்லுமட்டும்" என்று. நான் சொல்ல முன்னம் மெசினே சொல்லிவிட்டது.

பெப்ரவரியின் அந்தப் பத்து நாள் கணக்கைத் திரும்பக் கட்டியது தனி வேலை. கடன் பில் எல்லாம் இரட்டைத் தாளில் அடிக்கிற பழைய டொற் மற்றிக்ஸ் பிரின்டரில்தான் போடுவோம், பிரதி கடையில் இருக்கும். அதோடு நான் சிலருக்குப் பில்லைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவேன், காசாளர் அண்ணை பெரிய கடன்களைத் தன்னுடைய தடித்த மட்டைச் சீ.ஆர். கொப்பியில் எழுதுவார். அந்தக் கொப்பியை நிறுத்தச் சொல்லி முந்தின வருடம்தான் அவரோடு சண்டை பிடித்திருந்தேன். மூன்றையும் சேர்த்துக் கட்டியபோது கடன் எண் வரிசையில் 11 பில் இல்லை. யார், எவ்வளவு என்று தெரியாது. ஸ்டொக் எண்ணிப் பார்த்ததில் ஏறத்தாழ 3,40,000 ரூபாய்ச் சாமான் கணக்கில் இல்லை. ஏழு பேர் தாங்களாகவே வந்தார்கள். ஒரு மேசன் சேர்ட் பொக்கற்றுக்குள் நாலாக மடித்து வியர்வையில் ஊறிய பில்லை எடுத்து மேசையில் விரித்து, "உங்கட மெசின் படுத்திட்டுதாமே, இதை எழுதுங்கோ" என்றார். மிச்ச நான்கு பில் இன்றுவரைக்கும் யாருடையதென்று தெரியாது, ஒன்றரை இலட்சம் அளவில் போனது. புது டிஸ்க்குகள், யூ.பி.எஸ்., பெடியனின் கூலி எல்லாம் 1,18,000. செத்த டிஸ்க்கிலிருந்து தரவை எடுத்துத் தருவதற்குக் கொழும்பில் ஒரு இடத்தில் கேட்ட தொகைக்கு நான் போகவில்லை. எடுத்தாலும் கிடைக்கும் என்று அவர்கள் உறுதி தரவில்லை.

திரும்பிப் போவதுதான் எல்லோரும் மறக்கிற பாதி. புது டிஸ்க் போட்டுச் சேர்வர் தயாரானது பெப்ரவரி 19 இல். அன்றே மாறலாம் என்று பெடியன் சொன்னான். நான் மாட்டேன் என்றேன், 23 ஆம் திகதி ஞாயிறு வரைக்கும் பொறுத்தோம். கடை பூட்டிய பிறகுதான் அந்த வேலை: நான்கு கவுண்டரையும் நிறுத்து, மாற்று மெசினில் கடைசிப் பிரதி எடு, அதைச் சேர்வரில் ஏற்று, மாற்று மெசினின் வயரைக் கழற்று, பிறகு சேர்வரின் வயரைக் குத்து. ஏறியது சரியா என்று பார்க்க ஒரு தாளில் முதலே எழுதி வைத்திருந்தேன்: கடைசிப் பில் எண், சனிக்கிழமையின் மொத்த விற்பனை, தலைக்குமேல் கடன் இருக்கிற மூன்று பேரின் மிச்சம். மூன்றும் சதம் பிசகாமல் வந்தபோது, ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு, இரண்டு வாரத்தில் முதல்முறையாக நிம்மதியாகப் பசித்தது.

அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்கொருமுறை, ஞாயிற்றுக்கிழமை, சேர்வரின் வயரைக் கழற்றிவிட்டு முதல் நாள் இரவுப் பிரதியை மாற்று மெசினில் ஏற்றிப் பில் போட்டுப் பார்க்கிறோம். முதல்முறை தோற்றோம். மாற்று மெசினின் பாஸ்வேர்ட் என் போனுக்குள் இருந்தது, நான் செல்வச்சந்நிதி கோயிலில் இருந்தேன், போனில் சார்ஜ் இல்லை. இப்போது எல்லாப் பாஸ்வேர்ட்டும் ஒரு கடித உறையில், ஐயாவின் அலுமாரிக்குள், காணி உறுதி இருக்கிற அதே பைக்குள் இருக்கிறது. கிழமைக்கொரு பிரதி நெல்லியடிக்குப் போகிறது, அங்கே கிடந்த முந்தின பிரதி இங்கே வருகிறது. சீ.ஆர். கொப்பியைப் பற்றி நான் இப்போது வாயே திறப்பதில்லை.

அத்தான்தான் கொஞ்சம் கூடுதலாகப் பயந்துபோனார். இன்றைக்கும் காலை எட்டு மணிக்கு, கடைக் கதவு திறக்க முதல், எனக்கு ஒரு அழைப்பு வரும். சேமம் விசாரிப்பதெல்லாம் பிறகு. "தம்பி, இண்டைக்கு எந்த மெசின்?"